எலும்பு போடாத ஃபோ: சூப்புக்குச் சுவை எங்கிருந்து வருகிறது?

வியட்நாமின் ஃபோ சூப்பைச் சைவமாகச் செய்வது எப்படி என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "கறியை எடுத்துவிட்டு டோஃபு போடுங்கள்." கேட்டவரும் அப்படியே செய்கிறார். கேரட் வெந்த தண்ணீரில் நூடுல்ஸும் டோஃபுவும் மிதக்கின்றன. ஒரு வாய் சாப்பிட்டதுமே, எலும்பு இல்லாமல் ஃபோ வராது போலிருக்கிறது என்று கிண்ணத்தை ஒதுக்கிவிடுகிறார்.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். எலும்புக்கு மாற்றாக டோஃபுவை நிறுத்தினால் யார் செய்தாலும் தோல்விதான். அந்த எலும்பு சட்டிக்குள் என்னென்ன வேலை பார்த்தது என்று முதலில் புரிந்துகொண்டால், ஒவ்வொரு வேலைக்கும் ஆள் கிடைக்கும். அதில் பாதி நம் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது.

## ஃபோ என்பது என்ன

தட்டையான அரிசி நூடுல்ஸ், அதன்மேல் கொதிக்கக் கொதிக்க ஊற்றிய தெளிந்த சூப், மெல்லிய கறித்துண்டுகள், பச்சை இலைகள். அவ்வளவுதான் ஃபோ. நாம் 'ஃபோ' என்று எழுதினாலும் வியட்நாமியர் ஓகாரமாகச் சொல்வதில்லை. 'ஃபெர்' என்று தொடங்கி 'ர்'-ஐ விழுங்கிவிட்டு, கேள்வி கேட்பதுபோலக் குரலை இறக்கி ஏற்றினால் ஓரளவு பக்கத்தில் வரும்.

இது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடக்கே ஹனோய், நாம் தின் பகுதிகளில் உருவான உணவு. அதற்குமுன் அங்கே மாடு உழவுக்கானது. அங்கே ஆட்சி செய்த பிரெஞ்சுக்காரர்கள் மாட்டுக்கறி கேட்டார்கள். அவர்களுக்காக வெட்டியதில் மிஞ்சிய எலும்பு தெருக்கடைகளின் சட்டிக்கு வந்தது. 1954-இல் நாடு இரண்டானபோது வடக்கிலிருந்து லட்சக்கணக்கானோர் தெற்கே போனார்கள், ஃபோவும் கூடவே போனது. சைகோனில் அது முளைப்பயறு, துளசி வகை இலைகள், எலுமிச்சை, இனிப்பான சாஸ் எல்லாம் சேர்த்துக்கொண்டது. ஹனோய் ஃபோ இன்றும் வெங்காயத்தாளோடு அடக்கமாக இருக்கும். மாட்டுக்கறியில் தொடங்கியது பிறகு கோழிக்கும் இடம் கொடுத்தது. ஆக, ஃபோ மாறாத ஒன்று என்று யாராவது சொன்னால் அதன் வரலாறே அதற்கு ஒத்துவராது.

## சைவ ஃபோ வெளிநாட்டுக்காரர் கண்டுபிடிப்பா?

கிடையாது. வியட்நாமில் சைவ உணவுக்கு 'சய்' என்று பெயர். 'பச்சை' என்பதில் வரும் 'ச்சை'யைத் தனியாகச் சொன்னால் அந்த ஒலி வந்துவிடும். நம் 'சைவ'த்துக்கும் அதற்கும் உறவில்லை. நோன்பைக் குறிக்கும் சீனச் சொல்லிலிருந்து வந்தது அது. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியிலும், பௌத்தர்கள் பலர் கவிச்சி தொடமாட்டார்கள். அமாவாசையன்று நம் வீடுகளில் மீன் சட்டியை எடுக்காத மாதிரிதான். ஏழாம் மாதப் பௌர்ணமியில் வரும் வூ லான் என்ற பௌத்தத் திருநாளில் சைவக் கடைகளில் கூட்டம் நிரம்பி வழியும்.

இப்படி மாதத்தில் இரண்டு நாளாவது சைவம் சமைக்கும் ஊரில், நல்ல சைவ சூப் வைக்கும் கைப்பக்குவம் வளராமல் இருக்குமா? 'ஃபோ சய்' என்று கடைப் பலகையில் எழுதியிருப்பது அந்தப் பழக்கத்திலிருந்து வந்தது.

## மீல்மேக்கர் தந்திரம் ஏன் இங்கே பலிக்காது

கறிக்குழம்பு வைக்கிறோம். கறிக்குப் பதில் மீல்மேக்கர் போட்டாலும் சோற்றில் பிசைந்து சாப்பிட முடிகிறது. காரணம், தேங்காய், மிளகாய், மல்லி, கசகசா எல்லாம் அரைத்துப் போட்ட மசாலாதான் அங்கே சுவையில் பெரும்பங்கைச் சுமக்கிறது.

ஃபோவில் அரைத்த மசாலா கிடையாது. கிண்ணத்தின் அடியில் கிடக்கும் நூடுல்ஸ் தெரிய வேண்டும், அவ்வளவு தெளிவு. கறித்துண்டு மேலே கிடக்கும் அலங்காரம் போலத்தான். சுவை முழுவதும் எலும்பு பல மணி நேரம் கொதித்த தண்ணீரில் இருக்கிறது. அந்த எலும்பு நான்கு வேலை பார்க்கிறது: நாவில் நிற்கும் ஆழ்ந்த சுவையைக் கொடுக்கிறது, மெல்லிய இனிப்பைக் கொடுக்கிறது, தண்ணீருக்கு ஒரு கனத்தைக் கொடுக்கிறது, மேலே மிதக்கும் கொழுப்பால் மணத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறது.

சுருக்கமாக: மாற்ற வேண்டியது கறித்துண்டை அல்ல, சூப்பை. சூப்பில் நிரப்ப வேண்டிய இடங்கள் நான்கு.

## முதல் வேலை: ஆழ்ந்த சுவை

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், பெரும்பாலானோர் கோட்டைவிடுவதும் இங்கேதான்.

ரசத்தில் பருப்புத் தண்ணீர் விட்டால் ஒரு ருசி, விடாவிட்டால் வேறு ருசி. உப்பு, புளி, காரம் மூன்றும் அதே அளவில் இருந்தாலும் ஏதோ ஒன்று குறைந்த மாதிரி இருக்கும். அந்த 'ஏதோ ஒன்று'க்குப் பெயர் உமாமி. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு போல அதுவும் ஓர் அடிப்படைச் சுவை. வாயில் பரவி, விழுங்கிய பிறகும் சற்று நேரம் நிற்கும். 1908-இல் ஜப்பானிய வேதியியலர் கிகுனாயே இகேடா, கொம்பு என்ற கடற்பாசியை ஊறவைத்த நீரில் இந்தச் சுவையைத் தருவது குளூட்டமேட் என்று கண்டார். குளூட்டமேட் என்பது புரதத்தைக் கட்டும் கற்களில் ஒன்று, தனியே பிரிந்து நீரில் கரைந்தால் நாக்குக்குத் தெரியும். பழுத்த தக்காளியிலும் சோயா சாஸிலும் அது நிறைய உண்டு. நம் ஊரில் எல்லோருக்கும் பெயர் தெரிந்த அஜினோமோட்டோவும் அதே குளூட்டமேட்டின் உப்புதான்.

சரி, அப்படியென்றால் சூப்பில் சோயா சாஸ் ஊற்றினால் போதுமே? போதாது. கறியிலும் எலும்பிலும் குளூட்டமேட்டோடு இன்னொரு துணைப்பொருளும் இருக்கிறது. இரண்டும் சேரும்போது சுவை கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும்.

நாக்கில் உமாமியை உணரும் இடத்தை வாய் திறந்த சிப்பியாக நினைத்துக்கொள்ளுங்கள். குளூட்டமேட் உள்ளே வந்து அமர்ந்தால் சிப்பி மூடிக்கொள்ளும். மூடியிருக்கும் வரை மூளைக்குச் செய்தி போகும். ஆனால் சீக்கிரமே திறந்துவிடும். துணைப்பொருள் வந்தால் சிப்பியின் விளிம்பில் தாழ்ப்பாள் போட்டதுபோல் ஒட்டிக்கொண்டு அதைத் திறக்கவிடாமல் பிடிக்கிறது. அதே அளவு குளூட்டமேட்தான், ஆனால் நாக்குக்கு அது பல மடங்காகத் தெரிகிறது.

காய்கறிகளில் இந்தத் தாழ்ப்பாள் அநேகமாக இல்லை. ஆகவேதான் எவ்வளவு காய்கறி போட்டாலும் அந்தத் தண்ணீர் 'மெலிந்து' நிற்கிறது. ஆனால் சைவத்திலும் அது நிறையக் கிடைக்கும் ஓர் இடம் உண்டு: உலர்ந்த ஷிடாக்கே காளான். அதில் உள்ள துணைப்பொருளின் பெயர் குவானிலேட். 1957-இல் ஜப்பானிய ஆய்வாளர் அகிரா குனினாகா இதைக் கண்டறிந்தார். சைவ ஃபோவில் ஷிடாக்கே அழகுக்குப் போடுவது என்று நினைப்பவர்கள் தயவுசெய்து இந்தப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள். எலும்பின் நாற்காலியில் உட்காருவது அதுதான்.

ஊறவைப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. குவானிலேட் காளானில் தயாராகக் காத்திருப்பதில்லை. ஊறிய காளான் சூடேறும்போது, சுமார் 60 முதல் 70 டிகிரி வெப்பத்தில், அதற்குள்ளேயே இருக்கும் ஒரு நொதி அதை உருவாக்குகிறது. நொதி என்றால் உயிருள்ளவற்றில் வேதிமாற்றத்தை நடத்தித் தரும் புரதம். கொதிநீரை நேராக ஊற்றினால் அந்த நொதி வேலை தொடங்கும் முன்பே செத்துப்போகும். வெதுவெதுப்பான நீரில் நெடுநேரம் விட்டாலோ, குவானிலேட்டைச் சிதைக்கும் வேறொரு நொதி கை ஓங்கிவிடும். எனவே ராத்திரி குளிர்ந்த தண்ணீரில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் அந்தத் தண்ணீரோடு சிறு தீயில் மெல்லச் சூடேற்றுங்கள்.

நம்பிக்கை வராவிட்டால் வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு டம்ளரில் முள்ளங்கி வெந்த நீர், அதே அளவு உப்பு, சில சொட்டு சோயா சாஸ். ஒன்றில் மட்டும் இரண்டு கரண்டி சூடேறிய காளான் தண்ணீர். நான் இப்படிச் செய்து வீட்டில் எல்லோருக்கும் கொடுத்தேன். காளான் தண்ணீர் கலந்த டம்ளரைக் காட்டி, "இதில் உப்பு சரியாக இருக்கிறது" என்றார்கள். இரண்டிலும் உப்பு ஒன்றேதான்.

சுருக்கமாக: குளூட்டமேட்டுக்கு சோயா சாஸ், தாழ்ப்பாளுக்கு ஷிடாக்கே. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் சூப் மெலியும்.

## இரண்டாம் வேலை: இனிப்பு

இங்கே ஒரு மொழிக் குழப்பம் இருக்கிறது. வியட்நாமியில் 'ஙொத்' என்றால் இனிப்பு. நல்ல எலும்பு சூப்பின் ஆழ்ந்த சுவைக்கும் அவர்கள் அதே சொல்லைத்தான் சொல்வார்கள். அஜினோமோட்டோ போன்ற பொடிக்குக்கூடத் தெற்கே 'இனிப்புப் பொடி' என்றுதான் பெயர். "சூப் நன்றாக இனிக்க வேண்டும்" என்று ஒரு வியட்நாம் பாட்டி சொன்னால் அவர் சர்க்கரையை மட்டும் சொல்லவில்லை. இது தெரியாமல் சூப்பில் இரண்டு கரண்டி சர்க்கரையைக் கொட்டிப் பாயசமாக்கியவர்கள் உண்டு.

உண்மையான இனிப்பு கொஞ்சம் போதும். அதை முள்ளங்கியும் கேரட்டும் ஒரு துண்டு கரும்பும் தரும். கூடவே ஒரு சிறு கட்டி கற்கண்டு. ஆச்சரியமாக, வியட்நாம் அடுப்படியிலும் ஃபோவுக்குக் கற்கண்டுதான் போடுகிறார்கள்.

முட்டைக்கோஸ் வேண்டாம், அதிக நேரம் கொதித்தால் கந்தக வாடை வரும். உருளைக்கிழங்கும் வேண்டாம், தெளிவு போய்விடும்.

## மூன்றாம், நான்காம் வேலைகள்: கனமும் கொழுப்பும்

ஆட்டுக்கால் சூப் குடித்தால் உதட்டோடு உதடு ஒட்டுமே, அதற்குக் காரணம் ஜெலட்டின். எலும்பிலும் தோலிலும் தசைநாரிலும் இருக்கும் நார்ப்புரதம் மணிக்கணக்கில் வெந்து கரைந்து வரும் பொருள் அது. அதனால்தான் எலும்பு சூப் ஆற அமரக் கொதிக்க வேண்டும்.

இதற்கு நேரான சைவ மாற்று இல்லை, இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஃபோ ஆட்டுக்கால் சூப் போலப் பிசுபிசுப்பானது அல்ல, இலகுவானது. இங்கே ஜெலட்டினைவிட, மேலே பொட்டுப் பொட்டாக மிதக்கும் கொழுப்புக்குத்தான் பங்கு அதிகம். கடைகளில் 'நூக் பேயோ' என்று கேட்டு அந்தக் கொழுப்பைத் தனியாக வாங்கி ஊற்றிக்கொள்பவர்கள் உண்டு.

அந்தப் பொட்டுகள் என்ன செய்கின்றன என்பது நமக்குத் தெரிந்த கதைதான். கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயத்தைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து சாம்பாரில் ஊற்றுவோமா? எண்ணெயில் தாளித்துத்தான் ஊற்றுகிறோம். மணப்பொருள்களில் பல தண்ணீரில் சரியாகக் கரைவதில்லை, எண்ணெயில் கரையும். எண்ணெய் அவற்றைப் பிடித்து வைத்திருந்து மூக்கருகே விடுகிறது. எண்ணெயே விடாத சைவ ஃபோ, தாளிக்காத சாம்பார்.

வியட்நாமின் சைவச் சமையலில் இதற்கு 'போவா-ரோ' எண்ணெய் செய்கிறார்கள். லீக் என்ற தடித்த வெங்காயத்தாள் வகையை மெல்லியதாக அரிந்து, எண்ணெயில் பொன்னிறமாக வரும்வரை சிறு தீயில் விடுவது. லீக்கின் பிரெஞ்சுப் பெயரே வியட்நாம் நாக்கில் 'போவா-ரோ' என்று திரிந்தது. லீக் கிடைக்காத இடத்தில் சின்ன வெங்காயம் அருமையாக வேலை செய்யும். பௌத்த மடங்களில் வெங்காயம், பூண்டு போன்ற காரநெடி உள்ள ஐந்தை விலக்குவார்கள். வெங்காயம் சேர்க்காத வீட்டார் இஞ்சியையும் கொத்தமல்லித் தண்டையும் எண்ணெயில் வதக்கி அந்த எண்ணெயை வடித்து எடுக்கலாம்.

## ஃபோ வாசனை: சுட்ட இஞ்சியும் அன்னாசிப்பூவும்

காளானும் முள்ளங்கியும் சேர்ந்தால் நல்ல சூப் வரும். அது ஃபோ ஆவது மணத்தால்தான்.

இஞ்சியையும் வெங்காயத்தையும் தோலோடு அடுப்புத் தீயில் நேராக வைத்துச் சுட வேண்டும். கத்தரிக்காய் கொத்சுக்குக் கத்தரிக்காய் சுடுவதை நினைத்துக்கொள்ளுங்கள், அதே காட்சி. வெங்காயத்தின் வெளித்தோல் கருகிச் சுருளும், ஓரத்தில் சாறு கொப்பளித்துக் கசியும், கொஞ்ச நேரத்தில் பச்சை நெடி போய் இனிப்பான புகைவாசம் வரும். இஞ்சியிலும் மாற்றம் நடக்கிறது. அதன் காரப்பொருள் சூட்டில் ஒரு பகுதி மாறி, காரம் குறைந்து இனிய மணமுள்ள வேறு பொருளாகிறது. ஒருமுறை சுடாமல் ஒரு சட்டி, சுட்டு ஒரு சட்டி என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சுடாதது ஜலதோஷத்துக்கு வைத்த இஞ்சிக் கஷாயம் போல இருந்தது. கருகிய தோலை மட்டும் தண்ணீரில் கழுவி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கசக்கும்.

மசாலா நமக்குப் புதிதல்ல. அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, தனியா, பெரிய கருப்பு ஏலக்காய். பிரியாணிப் பொட்டலம்தான் ஏறக்குறைய. வியட்நாமின் வடக்கே லாங் சோன் மாகாணம் அன்னாசிப்பூவுக்குப் பேர்போனது. அவர்களின் 'தாவ் குவா' நம் கருப்பு ஏலக்காய்க்கு அண்ணன்முறை, காய் இன்னும் பெரியது. அன்னாசிப்பூவுக்கு மணம் தரும் முக்கியப் பொருள்தான் சோம்பிலும் இருக்கிறது. அதுவும் எண்ணெயில் கரையும் வகை. வெறும் வாணலியில் வாசம் கிளம்பும்வரை வறுத்து, மெல்லிய துணியில் முடிந்து சூப்பில் இறக்குங்கள். அரைமணி நேரத்துக்குமேல் கிடந்தால் சூப்பே மருந்துக்கடையாகிவிடும்.

## அடுப்பில்

நான்கு பேருக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். அதில் எட்டு ஷிடாக்கே ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் காளானோடு அந்தத் தண்ணீரைச் சிறு தீயில் ஏற்றி, கொதி வருவதற்குக் கால்மணி நேரமாவது எடுத்துக்கொள்ளும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் பெரிய துண்டுகளாக ஒரு முள்ளங்கி, ஒரு கேரட், ஒரு விரல் நீளக் கரும்பு, சுட்ட பெரிய வெங்காயம் இரண்டு, சுட்டுத் தட்டிய இஞ்சி 50 கிராம். அரைமணி நேரம் கழித்து மசாலா முடிச்சு: அன்னாசிப்பூ 3, கிராம்பு 4, கருப்பு ஏலக்காய் 1, விரல் நீளப் பட்டை, தனியா ஒரு டீஸ்பூன்.

தளதளவென்று கொதிக்கவிடாதீர்கள். ஓரத்தில் மட்டும் குமிழ் எழும்பினால் போதும். கொதி துள்ளினால் காய் கரைந்து சூப் கலங்கும். மொத்தம் ஒரு மணி நேரம். "ஃபோ என்றால் பன்னிரண்டு மணி நேரம் கொதிக்க வேண்டாமா?" என்று கேட்பார்கள். அந்த நேரம் எலும்பிலிருந்து ஜெலட்டினை இறக்கத்தான். காய்கறியில் அப்படிக் காத்திருந்து எடுக்க ஒன்றுமில்லை, நேரம் கூடக்கூட மணம்தான் மழுங்கும்.

பிழியாமல் வடிகட்டி, சோயா சாஸ் இரண்டு மேசைக்கரண்டி, உப்பு இரண்டு டீஸ்பூன், கற்கண்டு ஒரு சிறு கட்டி. ருசி பார்க்கும்போது உப்பு ஒரு சிட்டிகை தூக்கலாகத் தெரிய வேண்டும். நூடுல்ஸில் உப்பே கிடையாது, கிண்ணத்தில் அது சமனாகிவிடும். கடைசியில் சின்ன வெங்காய எண்ணெய் கிண்ணத்துக்கு ஒரு டீஸ்பூன்.

## மீன் சாஸ் என்ற மறைந்த இடறல்

வழக்கமான ஃபோவில் உப்புச் சுவையின் ஒரு பகுதி 'நூக் மாம்' என்ற மீன் சாஸிலிருந்து வருகிறது. நெத்திலி போன்ற சிறு மீன்களை உப்பில் ஏறக்குறைய ஓராண்டு ஊறவைத்து வடித்தெடுப்பது. மேலே காய்கறியும் டோஃபுவும் மட்டும் தெரியும் கிண்ணத்துக்குள்ளும் இது இருக்கலாம், சூப்பே எலும்பு சூப்பாகவும் இருக்கலாம். வியட்நாம் போகிற சைவர்கள் "கறி வேண்டாம்" என்று சொன்னால் கறித்துண்டு மட்டும்தான் விலகும். "அன் சய்", அதாவது 'சைவம் சாப்பிடுகிறேன்' என்று சொல்லுங்கள், அல்லது 'சய்' பலகை மாட்டிய கடையைத் தேடுங்கள்.

## நூடுல்ஸும் இலையும்

உலர்ந்த தட்டை அரிசி நூடுல்ஸை, ஆளுக்கு 100 கிராம், சாதாரணத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைக்கவும். பரிமாறும்போது தனியாகக் கொதிக்கும் நீரில் இருபது முப்பது விநாடி முக்கி எடுத்தால் போதும். சூப்பிலேயே வேகவிட்டால் மாவு கரைந்து, இவ்வளவு நேரம் காத்த தெளிவெல்லாம் கஞ்சியாகிவிடும்.

மேலே என்ன வைப்பது என்பது உங்கள் விருப்பம். பொரித்த டோஃபு, சூப்பில் வெந்த ஷிடாக்கேயை அரிந்தது, வெந்த முள்ளங்கி. டோஃபுவுக்கு இப்போது தாராளமாக இடம் உண்டு, சுவையைச் சுமக்கும் பாரம் அதன் தலையில் இல்லையே. தெற்கத்தி ஃபோவில் போடும் துளசி கிடைக்கவில்லையே என்று கவலைப்படாதீர்கள். அது நம் திருநீற்றுப்பச்சிலையின் நெருங்கிய வகை, இரண்டும் ஒரே செடியினம். சப்ஜா விதை தரும் அதே செடி. தொட்டியில் இருந்தால் நாலு இலை கிள்ளி, நூடுல்ஸின்மேல் வைத்து, சூப்பை நேராக அதன்மேல் ஊற்றுங்கள். இலை ஒரு நொடியில் துவண்டு கரும்பச்சையாகும். அந்த ஆவியில் அன்னாசிப்பூவும் பச்சிலையும் சேர்ந்து வரும் மணத்தை முகம் குனிந்து ஒரு தடவை இழுத்துவிட்டு, பிறகு எலுமிச்சை பிழியுங்கள்.

சூப் மீந்தால் நூடுல்ஸைச் சேர்க்காமல் தனியாக ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு மூன்று நாள் தாங்கும். மறுநாள் சூடாக்கும்போது புதிதாக எண்ணெய் விட மறக்க வேண்டாம்.